உம்மாவும் வரட்டும், மலைக்குப் போவோம்

எங்கள் பாலமுனையில் மலை இல்லை. கிழக்கே கடல், மேற்கே வயல். வானம் தெளிந்த காலை வேளைகளில் வயற்கரையில் நின்றால் வெகு தொலைவில் நீலக் கோடு போல மலைகள் தெரியும். சிறு வயதில் வாப்பாவின் சைக்கிளில் வயலுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அங்கே போய் ஏற வேண்டும் என்ற ஆசையை உயர்தர வகுப்புக்கு வந்த பிறகுதான் வீட்டில் வாய்விட்டுச் சொன்னேன்.

"மலையில உனக்கு என்ன வேல மகள்? ஆம்புளப் புள்ளயா நீ?" என்று உம்மா கேட்டார்.

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் எல்லா வீடுகளிலும் இருக்கிறது. அதற்கு நான் கண்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பெண்பிள்ளைகள் மலை ஏறலாம். கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கவும் பழகலாம். ஆனால் அது மலையடிவாரத்தில் தொடங்குகிற காரியம் அல்ல. நம் வீட்டு வாசலில், நம் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டியது.

என் உம்மாவுக்குச் சீனி வருத்தம். தினமும் அரை மணி நேரம் நடக்கும்படி டொக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. உம்மா நடக்கவில்லை. "ரோட்டால நடந்தா சனம் என்ன சொல்லும்?" என்பதுதான் காரணம். ஆண்கள் ஸுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடக்கிறார்கள். அதே வருத்தம் உள்ள பெண்கள் வீட்டுக்குள் மாத்திரையோடு இருக்கிறார்கள். மலைக்குப் போகக் கேட்ட எனக்கும், வாசலைத் தாண்டத் தயங்கிய உம்மாவுக்கும் தடை ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வாப்பா ஒரு வழி சொன்னார். "ரெண்டு பேரும் ஆறு கிழமை ஒழுங்கா நடங்க. பொறகு நாம எல்லாரும் சேர்ந்து போவம்."

ஸுபஹுக்குப் பிறகு நானும் உம்மாவும் கடற்கரையில் நடக்கத் தொடங்கினோம். முதல் நாள் பதினைந்து நிமிடத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. மணலில் நடப்பது தார் வீதியில் நடப்பதைவிடக் கடினம். அதனால் அதுவே நல்ல பயிற்சி. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம்தான் சரியான வேகம் என்பதை ஒரு கிழமையில் கற்றுக்கொண்டோம். ஆறாவது கிழமையில் ஒரு மணி நேரம் நடந்தோம். பையில் இரண்டு போத்தல் தண்ணீரையும் சுமந்து பழகினோம்.

ஓகஸ்ட் விடுமுறையில் சாச்சி குடும்பமும் நாங்களுமாக ஒரு வேனில் புறப்பட்டோம். அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியாக எல்ல. அங்கே லிட்டில் அடம்ஸ் பீக் என்றொரு மலை. உயரம் 1141 மீற்றர். எல்ல நகரமே 1000 மீற்றருக்கு மேல் இருப்பதால் நாம் கால்களால் ஏறுவது சொற்பமே. தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் பாதை, கடைசியில் படிகள். முதன்முதலாக ஏறுபவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

அங்கே நான் செய்த தவறையும் மறைக்கக் கூடாது. பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தை அன்றுதான் முதன்முதலாகப் போட்டேன். பாதி வழியில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். உம்மா கடற்கரையில் ஆறு கிழமை போட்டுத் தேய்ந்த பழைய சப்பாத்தோடு எனக்கு முன்னால் ஏறிப் போய்விட்டார். நான் நொண்டிக்கொண்டு உச்சிக்குப் போனபோது அவர் கல்லில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கும் நடப்பமா மகள்?" என்று கேட்டார். மலைக்கு வரமாட்டேன் என்றவரின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

தோழியரே, முதன்முதலாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. பழகிய சப்பாத்தையே போடுங்கள். நீண்ட அபாயா படியில் காலைத் தடுக்கும். தளர்வான காற்சட்டையும் முழங்காலுக்குக் கீழே வரும் மேலாடையும் உடலையும் மறைக்கும், காலையும் காக்கும். ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 0.65 பாகை குறையும். ஆகவே நம் கரையில் வியர்க்கிற நாளிலும் மலைக்கு ஒரு மேலங்கி வேண்டும். நேரத்தைக் கணக்கிட, நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். புதியவர்கள் அதற்கு மேலும் பாதி நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது. இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும் என்பதே கணக்கின் நோக்கம்.

இரவு தங்குவதை நாங்கள் எங்கள் வளவிலேயே பழகினோம். இரவல் வாங்கிய கூடாரத்தை மணலில் அடித்தோம். நடுச்சாமத்தில் கடற்காற்று ஆணிகளைப் பிடுங்கிவிட்டது. கூடாரம் எங்கள் மேலேயே விழுந்தது. மணலில் ஆணி நிற்காது, உரப்பையில் மணல் நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்ட வேண்டும் என்பதை அடுத்த நாள்தான் அறிந்தோம். இதே தவறைக் காட்டில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வளவில் செய்ததால் ஒரு இரவுத் தூக்கம்தான் போனது.

பெற்றோர்களே, உங்கள் அச்சம் வீணானது என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டக் காடுகளில் யானைகள் உண்டு. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அங்கே கூடாரம் அடிப்பது தைரியம் அல்ல, மடமை. மாரிகாலத்தில் ஊவா மலைகளில் மண் சரியும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு தோட்டக் குடியிருப்பே மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தை நிறுத்துகிற மனமும் மலையேற்றத்தில் ஒரு பகுதிதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

மார்க்கத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. மஹ்ரமோடு போவதிலும் ஆடை ஒழுங்கிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதனால்தான் குடும்பமாகப் போனோம். பயணிக்குத் தொழுகையில் கஸ்ரும் ஜம்உம், நீரில்லாத இடத்தில் தயம்மும் இருப்பதை நாம் பாடத்தில் படிக்கிறோம். ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகும் ஒவ்வொருவரும் ஸபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கிடையே ஏழு தடவை நடக்கிறார்கள்; மொத்தம் ஏறத்தாழ 3 கிலோமீற்றர். அது ஹாஜரா அம்மையார், தன் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஓடிய ஓட்டம். பாவாத மலைக்கு 1344இல் வந்த இப்னு பதூதா, அங்கே ஏறுவதற்கு ஆதமின் வழி, ஹவ்வாவின் வழி என இரண்டு இருந்ததாக எழுதியிருக்கிறார். மலையும் பெண்ணும் நமக்குப் புதிய சேர்க்கை அல்ல.

இந்தக் காலத்திலும் உதாரணங்கள் உண்டு. எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஒரு பெண்: ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21. சவூதிப் பெண்களில் முதலில் அங்கே நின்றவர் ரஹா முஹர்ரக், 2013இல். நாம் எவரெஸ்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடக்க முடிந்தாலே பலருக்குப் பெரிய காரியம்.

கல்லூரிக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, நம் பெண் சாரணியர் ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரி மைதானத்தில் ஓர் இரவு முகாமிடட்டும். உம்மாமாரும் ஆசிரியைகளும் கூடவே தங்கட்டும். எடின்பரோ கோமகன் விருதின் வெண்கலப் பிரிவுக்குரிய சாகசப் பயணம் இரண்டு பகலும் ஓர் இரவும்தான். இப்படிப் பழகியவர்களுக்கு அது எளிது. இரண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை தாய்மாரும் மகள்மாரும் சேர்ந்து கடற்கரையில் நடக்கும் நாளாகட்டும்.

இன்று எங்கள் தெருவில் உம்மாவோடு இன்னும் ஐந்து பெண்கள் ஸுபஹுக்குப் பிறகு நடக்கிறார்கள். சனம் முதல் கிழமை பேசியது. இப்போது பேசுவதில்லை, சிலர் கூடவே வருகிறார்கள். வருகிற விடுமுறையில் இன்ஷா அல்லாஹ் ஹோட்டன் சமவெளிக்குப் போவதாக இருக்கிறோம். ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப்பாதை அது. இம்முறை திட்டம் போட்டவர் உம்மாதான். பழைய சப்பாத்தை எடுத்து வைக்கும்படி நேற்றும் எனக்கு ஞாபகப்படுத்தினார்.