எடை ஏறுகிறது, ருசி ஏறுகிறதா?

தீவனத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் விவசாயி கேட்கிற முதல் கேள்வி, "இதைப் போட்டால் எடை எவ்வளவு ஏறும்?" என்பதுதான். தீவனம் விற்க வருபவரும் அதற்கான பதிலை விரல் நுனியில் வைத்திருக்கிறார். கோழியாகட்டும், மீனாகட்டும், இறாலாகட்டும், அந்தத் தீவனம் அதன் ருசியையும் மணத்தையும் என்ன செய்யும் என்று கேட்பவரை என் விரிவாக்கப் பணியில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதை விளக்க, நம் விவசாயிகள் வளர்க்காத ஒரு கடல் பிராணியை உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன். எடையை மட்டும் பார்த்துத் தீவனம் போட்டால் என்ன நேரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பிராணி வேறு இல்லை.

அதன் பெயர் கடல் முள்ளெலி. பெயர்தான் எலி, உண்மையில் நட்சத்திர மீனுக்கும் கடல் அட்டைக்கும் உறவு. உருண்டையான ஓடு, ஓடு முழுவதும் முள். அடிப்புறத்தில் வாய், அதில் ஐந்து பற்கள். இந்தப் பல் அமைப்பைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விளக்குக்கு ஒப்பிட்டதால் இன்றும் அதற்கு 'அரிஸ்டாட்டில் விளக்கு' என்றே பெயர். மன்னார் வளைகுடாவில் மூழ்கித் தொழில் செய்பவர்களுக்கு இது காலில் குத்தும் தொல்லை மட்டுமே. ஜப்பானிலோ இதற்கு 'உனி' என்று பெயர். டோக்கியோ நகரின் தொயோசு மீன் சந்தையில் சிறு மரத்தட்டுகளில் வரிசையாக அடுக்கி, நிறமும் உறுதியும் ருசியும் பார்த்து விலை பேசுகிறார்கள்.

உண்பது ஓட்டுக்குள் இருக்கும் ஐந்து மஞ்சள் சுளைகளை. பலர் இதை முட்டை என்று நினைக்கிறார்கள். அது முட்டை அன்று, இனப்பெருக்கச் சுரப்பி. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு, இரண்டையும் உண்கிறார்கள். இந்தச் சுரப்பிக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. இனப்பெருக்கக் காலம் வருவதற்கு முன், பிராணி தின்ற உணவின் சத்தைச் சேமித்து வைக்கும் களஞ்சியமும் இதுவே. ஆட்டிலும் மாட்டிலும் நாம் உண்பது தசையை. தீவனம் அசைபோடப்பட்டு, செரித்து, உருமாறித்தான் அங்கே போய்ச் சேருகிறது. கடல் முள்ளெலியில் நாம் உண்பது களஞ்சியத்தையே. அதனால் எதைப் போட்டோமோ அது நாக்கில் வந்து நிற்கிறது.

இந்தச் சுளையின் ருசி எதனால் ஆனது என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கொமாட்டா 1964-இலேயே பிரித்துக் காட்டினார். புரதத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்களே முக்கியம். கிளைசினும் அலனினும் இனிப்பைத் தருகின்றன. குளூட்டாமிக் அமிலம் ரசத்தில் பருப்புத் தண்ணீர் சேர்ந்தது போன்ற நிறைவைத் தருகிறது. வேலின் கசக்கிறது. மெத்தியோனின் என்பதுதான் 'இது கடல் முள்ளெலி' என்று நாக்குக்கு அடையாளம் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் ருசி இருக்கும், ஆனால் எந்தப் பிராணியின் ருசி என்று தெரியாது. கசப்புத் தரும் வேலின்கூட அளவோடு இருக்கத்தான் வேண்டும். ஆக, ருசி என்பது ஒரு சரக்கல்ல. சில சரக்குகளின் விகிதம். தீவனம் மாறும்போது இந்த விகிதம் மாறுகிறது.

வட ஜப்பானின் கடலில் இந்தப் பிராணிக்கு இயற்கை உணவு 'கோம்பு' எனும் பெரிய பழுப்புக் கடற்பாசி. நம் ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் கட்டக்கோரை என்று சொல்வதும் பழுப்புப் பாசியே. ஆனால் கோம்பு குளிர்ந்த கடலில் மட்டும் வளர்வது. 1908-இல் பேராசிரியர் இக்கேடா குளூட்டாமிக் அமிலத்தின் ருசியைக் கண்டுபிடித்தது இந்தக் கோம்பு வடித்த சாற்றில்தான். நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்த அஜினோமோட்டோவின் பிறப்பு அது. கோம்பு தின்ற முள்ளெலியே உயர்ந்த ரகம் என்று ஜப்பானியர் சொல்வதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது.

முள்ளெலிகள் பெருகிப் பாசியை முழுவதும் தின்று தீர்த்துவிடும் இடங்கள் உண்டு. கடலடிப் பாறை மொட்டையாகிவிடும். முள்ளெலி அங்கே சாகாது. பட்டினியோடு பல காலம் உயிரோடு கிடக்கும். ஓட்டை உடைத்தால் உள்ளே சுளை இராது. இப்படிப்பட்டவற்றைப் பிடித்துவந்து தொட்டியிலோ கடல் கூண்டிலோ சில மாதம் தீவனம் போட்டுக் கொழுக்க வைத்தால் என்ன என்ற யோசனை ஜப்பானிலும் நார்வேயிலும் கனடாவிலும் எழுந்தது. நியாயமான யோசனைதான். மீனையும், மீன் தூளும் சோயாவும் கலந்த உருண்டைத் தீவனத்தையும் போட்டுப் பார்த்தார்கள். சுளை வேகமாகப் பெருத்தது. பாசி மட்டும் தின்றவற்றை எடையில் மிஞ்சியது. நம் வழக்கமான கணக்குப்படி பரிசோதனை முழு வெற்றி.

வாயில் போட்டுப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. மீன் தின்றவற்றில் இனிப்புத் தரும் கிளைசின் குறைந்து, கசப்புப் பக்கம் தராசு சாய்ந்திருந்தது. உருண்டைத் தீவனத்தில் வளர்ந்த பலவும் கசந்தன, அல்லது சப்பென்று இருந்தன. நிறமும் வெளுத்தது. அந்த ஆரஞ்சு மஞ்சள் நிறம் எக்கினினோன் என்ற பொருளால் வருவது. பாசியில் உள்ள பீட்டா கரோட்டினிலிருந்துதான் பிராணி அதை உண்டாக்கிக்கொள்ள முடியும். தீவனத்தில் கரோட்டின் இல்லையானால் சுளையில் நிறம் இல்லை. சந்தையில் இதை யார் வாங்குவார்கள்?

இதற்குக் கண்ட பரிகாரத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். உருண்டைத் தீவனத்தைத் தூக்கி எறியவில்லை. முதலில் அதைக் கொடுத்துச் சுளையைப் பெருக்க வைத்து, அறுவடைக்கு முந்திய சில வாரங்கள் மட்டும் பாசிக்கு மாற்றினார்கள். கிளைசின் திரும்ப ஏறியது, ருசியும் தேறியது. முழுக் காலத்துக்கும் தேவைப்படாத ஒன்றைக் கடைசியில் மட்டும் கொடுப்பது சிக்கனமும்கூட. ஆனாலும் எல்லாப் பழியையும் தீவனத்தின்மேல் போடுவது தவறு. இனப்பெருக்கக் காலம் நெருங்கினால் சுளை இளகி ஒழுகும், கோம்பு தின்றதானாலும் ருசி கெடும். உடைத்தெடுத்த சுளை கலையாமல் இருக்கப் படிகாரம் சேர்ப்பதுண்டு. அது அதிகமானாலும் கசக்கும்.

மணத்தின் விஷயம் இன்னும் நுட்பமானது. கடற்கரையில் நின்றால் மூக்கில் ஏறும் அந்தக் 'கடல் வாசனை'யில் பெரும்பங்கு டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகப் பொருளுடையது. பாசிகளில் உள்ள ஒரு பொருள் சிதைந்து இது உண்டாகிறது. பாசி தின்னும் பிராணியிடம் அந்த வாசனை சேருவதில் ஆச்சரியமில்லை. பாசியே காட்டாமல் வளர்த்தால் என்ன ஆகும்? அதற்கும் ஜப்பானிலேயே விடை கிடைத்தது. டோக்கியோவுக்குத் தெற்கே மியுரா தீபகற்பம் முட்டைக்கோஸுக்குப் பேர்போனது. 2010-களின் நடுவில் அந்தக் கனகவா மாநில மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தார், மொட்டைப் பாறைகளில் இருந்து எடுத்த பட்டினி முள்ளெலிகளுக்கு விற்பனைக்கு ஆகாத முட்டைக்கோஸ் இலைகளைப் போட்டார்கள். அவை ஆவலோடு தின்றன. இரண்டு மூன்று மாதத்தில் காலி ஓடுகளில் சுளை நிறைந்தது. இனிப்பு தூக்கல், கசப்பு குறைவு, கடல் வாடையும் குறைவு. 'முட்டைக்கோஸ் உனி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடல் வாடை பிடிக்காதவருக்கு அது வரப்பிரசாதம். கடல் மணமே இல்லாத உனி உனிதானா என்று முகம் சுளிப்பவரும் இருக்கத்தான் செய்வார். எனக்கு இதில் வியப்பு, வேண்டாமென்று தோட்டத்தில் கிடந்த ஓர் இலை ருசியை இவ்வளவு தூரம் திருப்பியதுதான்.

அதே முட்டைக்கோஸ் இலையைக் கறவை மாட்டுக்குக் கறப்பதற்குச் சற்று முன்னால் போட்டுப் பாருங்கள். பாலில் வாடை வரும். கறந்து முடித்த பிறகு போட்டால் அடுத்த கறவைக்குள் அந்த வாடை போய்விடும். தீவனம் ஒன்றே, பிராணியும் கொடுக்கிற வேளையும் மாறினால் பலன் மாறுகிறது. மீன் தூள் மிதமிஞ்சினால் கோழி முட்டையில் மீன் நாற்றம் வருவதை நாமக்கல் பக்கத்துப் பண்ணையாளர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மஞ்சள் கருவின் நிறத்துக்கு மக்காச்சோளமும் சாமந்தித் தூளும் சேர்ப்பதும் அவர்களுக்குத் தெரியும். நிறத்துக்கு இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்கிற நாம் மணத்துக்கு ஏன் எடுப்பதில்லை?

இறால் பண்ணைக்காரர்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. "கடல் இறாலின் வாசனை பண்ணை இறாலில் இல்லையே" என்று வீட்டுப் பெண்கள் சொல்வதைச் சும்மா குறை என்று எண்ண வேண்டாம். 1990-களில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கடல் இறாலின் மணத்துக்குப் புரோமோபீனால் எனும் பொருள்கள் காரணம் என்றும், கடல் புழுக்களிலும் பாசிகளிலும் இருந்து அவை இறாலுக்கு வருகின்றன என்றும், பண்ணை இறாலில் அவை மிகக் குறைவு என்றும் கண்டார்கள். உருண்டைத் தீவனம் தின்னும் இறாலுக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது. இறால் வியாபாரி கிலோவுக்கு எத்தனை என்று எண்ணித்தானே விலை போடுகிறார், வாசனைக்கு யார் காசு தருகிறார் என்று கேட்பீர்கள். ஏற்றுமதிக்கு அனுப்பும்வரை அந்த வாதம் சரி. உள்ளூர்ச் சந்தையை நம்பி விற்கும் நாளில் அது செல்லாது. வாங்குபவர் தட்டில் வைத்து முகர்ந்துதான் மறுமுறை வருவார்.

ஆகையால் தீவனப் பரிசோதனை செய்யும் ஆராய்ச்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் எடை, தீவனச் செலவு, பிழைப்பு விகிதம் என்ற மூன்று பத்திகளோடு நிறுத்தாமல், சமைத்துச் சுவைத்த முடிவுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். நாக்குக்கு நாக்கு வேறுபடும், அது விஞ்ஞானம் ஆகாது என்று என் சகாக்கள் சிலர் சொல்கிறார்கள். பழகிய பத்துப் பேரை உட்கார வைத்து, எது எந்தத் தீவனம் என்று சொல்லாமல் கொடுத்து மதிப்பெண் வாங்குவதும் அளவைதான். தேயிலைக்கும் காப்பிக்கும் அப்படித்தானே தரம் பிரிக்கிறோம்?

கடல் முள்ளெலியை இங்கேயே வளர்க்கலாமா என்று இதைப் படித்துவிட்டு யாராவது கிளம்பக்கூடும். வேண்டாம். உள்ளூரில் உண்பவர் இல்லை, கோம்பு இந்த வெப்பக் கடலில் வளராது, மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா; அங்கே கை வைக்கக் கூடாது.

கட்லா, ரோகு வளர்ப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குளத்தில் தீவனம் மிஞ்சி அழுகினால் நீலப் பச்சைப் பாசி பெருகும். அந்தப் பாசி விடும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் மீனில் ஏறும் சேற்று வாடை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துக் கெளுத்தி ஆலைகள், குளத்து மீனை முன்கூட்டியே உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, முகர்ந்து தின்று பார்த்துத் தேறினால்தான் அறுவடைக்குச் சம்மதிக்கின்றன. நீங்களும் பிடிப்பதற்குப் பத்து நாள் முன்னதாக ஒரு மீனை எடுத்து, வெறும் தண்ணீரில் மூடி வேகவைத்து, மூடியைத் திறந்தவுடன் வரும் ஆவியை முகர்ந்து பாருங்கள். புகை, வெற்றிலை, பொடி பழக்கம் இல்லாதவர் மூக்கு நல்லது. சேற்று வாடை அடித்தால் வியாபாரிக்கு நாள் சொல்லாதீர்கள். தீவனத்தைக் குறையுங்கள், பிடித்த மீனைச் சுத்தமான நீருள்ள தொட்டியில் சில நாள் தீனி போடாமல் நிறுத்தி வைத்து, மறுபடியும் ஒன்றை வேகவைத்து முகர்ந்த பிறகு விலை பேசுங்கள்.