புரோக்கரைப் பிடிக்காமல் பாம்பைக் காக்க முடியாது

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகள் போன்ற வறண்ட மேட்டு நிலங்களில், இளகிய மண்ணுக்குள் புதைந்து வாழ்வது மண்ணுளிப் பாம்பு. நஞ்சு கிடையாது. எலியைத் தின்று பிழைக்கும். தலையைப் போலவே வாலும் மழுங்கி இருப்பதால் இருதலை மணியன் என்ற பெயரும் உண்டு. நக்கினால் குஷ்டம் வரும் என்று பயந்து இதை அடித்துக் கொன்றவர்கள் ஒரு காலத்தில் அதிகம். இப்போது பயம் போய்ப் பேராசை வந்திருக்கிறது. சாக்குப்பையில் பாம்பைக் கட்டி வைத்து விலை பேசியவர்கள் கைது என்ற செய்தி கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்திலிருந்து அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது.

வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும், மாந்திரீகத்துக்கு ஆகும், மருந்துக்கு ஆகும், வெளிநாட்டுக்காரர் கோடிக்கணக்கில் கொடுப்பார் என்றெல்லாம் சொல்லப்படுவதில் ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. எடை ஏற ஏற விலை ஏறும் என்று புரோக்கர்கள் கிளப்பிவிட்ட பேச்சால், வாயைப் பிளந்து தீனியைத் திணிக்கிறார்கள். வால் நுனியில் சூடு வைத்து, அந்தத் தழும்பைக் கண் என்று காட்டி, நிஜமாகவே இரண்டு தலை என நம்பவைப்பது பாம்பாட்டிகள் காலத்துப் பழைய வித்தை. மூன்றடியைச் சுற்றி வளரும் இந்தப் பாம்பு, புரோக்கர் கேட்கும் நாலு கிலோ, ஐந்து கிலோவை இயல்பாக எட்டுவதில்லை. இந்த வியாபாரம் ஓயாமல் நடப்பதற்குக் காரணமே அதுதான். பிடித்து வந்த பாம்பு ஒவ்வொன்றும் ‘எடை பத்தாது’ என்று கழிக்கப்படுகிறது. அடுத்ததைத் தேடி மறுபடியும் காட்டைத் தோண்டுகிறார்கள். பாம்பு சாகிறது, கூலிக்குப் பிடித்தவர் ஜெயிலுக்குப் போகிறார், அட்வான்ஸ் வாங்கிய புரோக்கர் மட்டும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

ஆகவே, பையைச் சுமந்தவரோடு வழக்கை முடித்துக்கொள்ளும் வழக்கத்தை வனத்துறை கைவிட வேண்டும். பணம் யார் கணக்கிலிருந்து யார் கணக்குக்குப் போனது, வாட்ஸ்அப்பில் பாம்பின் காணொளியை அனுப்பியது யார், வாங்க வந்தது யார் என்று காவல்துறையின் சைபர் பிரிவோடு சேர்ந்து தேட வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு மோசடிப் பிரிவுகளையும் சேர்த்தே வழக்குப் போட வேண்டும்.

வாங்கும் கையைக் கட்டினால் வியாபாரம் நிற்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள இருளர் மக்கள் பிடித்த பாம்புகளின் தோல் ஒரு காலத்தில் கப்பலேறியது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கே தடை வந்தது. வாங்க ஆளில்லாமல் தோல் தொழில் படுத்தது. அதோடு விட்டிருந்தால் அந்த மக்கள் பட்டினிதான் கிடந்திருப்பார்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று உதவ, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வனத்துறை உரிமத்தோடு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, நஞ்சு எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். மறுபடி அதே பாம்பைப் பிடிக்காமலிருக்க வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டுவார்கள். நாடு முழுவதும் கடிபட்டவர்களுக்குப் போடும் மருந்துக்கு அந்த நஞ்சுதான் பெரிதும் ஆதாரம். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கொங்கு நாட்டில் அப்படி ஒரு மையம் இல்லை. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவருகிறார்கள். அப்படியிருக்க, மேற்கு மாவட்டங்களின் விரியன் நஞ்சையும் சேகரித்து, இப்போதுள்ள மருந்து அதற்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்க வேண்டாமா? மஞ்சள் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் செருப்பில்லாமல் இறங்குகிறவர்களின் உயிர் அதில் இருக்கிறது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கிய தமிழக அரசு, அடுத்த அடியாக இதை எடுத்து வைக்கலாம்.

இன்னொரு ஓட்டையும் அடைபட வேண்டும். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் நாம் கூப்பிடும் மீட்பாளர்கள் பலர் எந்தப் பதிவிலும் இல்லாதவர்கள். 2025 மார்ச்சில் தொண்டாமுத்தூர்ப் பகுதியில் நாகத்தைப் பிடித்தபோது கடிபட்டு, பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் இறந்தார். ஊருக்கு உழைத்தவர் குடும்பத்துக்குக் காப்பீடு என்ற ஏற்பாடே இல்லாத நிலை இனியும் நீடிக்கக் கூடாது. அதேபோல், பிடித்த பாம்பு எங்கே போனது என்று கேட்கவும் யாரேனும் இருக்க வேண்டும். 2020இல் கொல்லம் மாவட்டத்தில் மனைவியைக் கொல்லக் கணவன் பயன்படுத்திய நாகத்தை விலைக்குக் கொடுத்தவர் ஒரு பாம்பு பிடிப்பவரே. வாளையாறுக்கு அந்தப் பக்கம் கேரள வனத்துறை பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, ‘சர்ப்ப’ செயலி மூலம் மீட்பாளர்களை மக்களோடு இணைத்திருக்கிறது. சான்றிதழ் இல்லாதவர் அங்கே பாம்பைத் தொட முடியாது.

மனிதன் முக்கியமா, பாம்பு முக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சி பெற்ற மீட்பாளர் கூப்பிட்ட உடனே வந்து நிற்கும் ஊரில் சாரையை அடித்துக் கொல்லவும் வேண்டியதில்லை, விரியனை விறகுக் குச்சியால் தள்ளப்போய்க் கடி வாங்கவும் வேண்டியதில்லை.

வனத்துறையினருக்குப் பயிற்சி தரும் தமிழ்நாடு வன உயர்பயிற்சியகம் கோவையிலேயே இருக்கிறது. மீட்பாளர்களுக்கு அங்கேயே பயிற்சி தரலாம். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் சான்று பெற்றவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். பிடித்த பாம்பு, பிடித்த இடம், விட்ட இடம் மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இதை முடிக்க மூன்று மாவட்ட ஆட்சியர்களும் வன அலுவலர்களும் உடனே கூடிப் பேச வேண்டும்.