பட்டறையைக் காட்டி மிரட்டாதீர்கள்



"ஒழுங்காகப் படி! இல்லாவிட்டால் பட்டறையில் கிரீஸ் துடைக்கத்தான் போவாய்!"

இந்த மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்த தமிழ் மாணவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. வீடுகளில் ஒலிக்கிறது, சில வேளைகளில் வகுப்பறைகளிலும் ஒலிக்கிறது. படிப்பு ஒருபுறம், பட்டறை மறுபுறம். படிக்கத் தெரியாதவனின் புகலிடமே பட்டறை என்பதுதான் இதன் உட்பொருள். இக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை ஒரே ஒரு வேலையைக் கொண்டு காட்ட விரும்புகிறேன். மகிழுந்தின் பால் ஜாயிண்ட்டை வீட்டிலேயே மாற்றும் வேலை அது.

பால் ஜாயிண்ட் என்பதைப் பந்து மூட்டு எனலாம். நம் தோள்மூட்டைப் போல, ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை சுழலும். சக்கரத்தைத் தாங்கும் பகுதியையும் மகிழுந்தின் அடியிலுள்ள கையையும் இது இணைக்கிறது. சக்கரம் மேலும் கீழும் அசையவும் இடமும் வலமும் திரும்பவும் இதுவே இடம் தருகிறது. உறை கிழிந்து நீரும் மணலும் புகுந்தால் உருண்டை தேயும். மேடுபள்ளத்தில் 'டக் டக்' என்ற ஓசை, ஒரு பக்கமாகத் தேயும் டயர், நிலையில்லாத ஸ்டீயரிங் ஆகியன அதன் அறிகுறிகள். முற்றிலும் கழன்றுவிட்டால் சக்கரம் மடிந்துவிடும். நெடுஞ்சாலையில் அது நேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சில மகிழுந்துகளில் இம்மூட்டு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றை மாற்றுவது எளிது. வேறு சிலவற்றில் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். 1990ஆம் ஆண்டுகளின் ஹோண்டா சிவிக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கீழ் மூட்டு, சக்கரத்தைத் தாங்கும் 'நக்கல்' என்னும் இரும்புப் பாகத்தினுள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். துளை, மூட்டின் உடலைவிட மிகச் சிறிய அளவே குறைவாகக் கடையப்பட்டிருக்கும். அந்த இறுக்கமும் உராய்வுமே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன; ஒரு வளையப் பூட்டு கூடுதல் காவல், அவ்வளவுதான். இதனை எடுக்கவும் பொருத்தவும் டன் கணக்கான விசை வேண்டும்.

இவ்விடத்தில்தான் பலர் சுத்தியலை எடுக்கின்றனர். இது கூடாது. அடித்துச் செருகினால் மூட்டு கோணலாக நுழையும். துளையின் சுவர் கீறப்பட்டு விரிந்துவிடும். புதிய உருண்டையும் அடிபடும். நெருப்பால் சூடேற்றுவதும் தவறு. புதிய மூட்டின் ரப்பர் உறையும் கிரீசும் வெப்பத்தைத் தாங்கா. முறையான கருவி, 'சி' வடிவச் சட்டத்தில் தடித்த திருகாணி பூட்டிய அழுத்தி. அதனுடன் பல அளவுகளில் கிண்ணங்கள் வரும். ஒரு கிண்ணம் மூட்டைத் தள்ளும்; மறு கிண்ணம் வெளிவரும் மூட்டை ஏற்றுக்கொள்ளும். பொருத்தும்போது விசை முழுவதும் மூட்டின் வெளி விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். நடுவிலுள்ள மூடியையோ தண்டையோ ரப்பரையோ அழுத்தக்கூடாது.

ஆசிரியர் நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். ஆரம்பப் பள்ளி அறிவியலில் எளிய எந்திரங்கள் என்று நாம் எவற்றைக் கற்பிக்கிறோம்? நெம்புகோல், ஆப்பு, திருகாணி... கூம்பு வடிவத் தண்டைப் பிரிக்கும் கவைக் கருவி ஆப்புதானே! நீண்ட கைப்பிடி கொண்ட ஸ்பேனர் நெம்புகோல்தானே! ஒரு மனிதனின் கைவிசையை டன் கணக்கில் பெருக்கித் தரும் அழுத்தி, திருகாணியன்றி வேறென்ன? நாம் கரும்பலகையில் படம் வரைந்து கற்பிப்பதை, பட்டறைக்காரர் நாள்தோறும் கையில் ஏந்தி நிற்கிறார். அவரைக் காட்டியா பிள்ளைகளை அச்சுறுத்துவது?

இவ்வேலைக்கு வாசிப்பும் வேண்டும். அந்தச் சிவிக்கின் கீழ் மூட்டு நட்டை 49 முதல் 59 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும் என்பது கையேட்டின் கணக்கு. கோட்டை மதில்போல் பள்ளங்கள் கொண்ட நட்டு அது. முதலில் குறைந்த அளவுக்கு இறுக்கி, பின்னர் பின் நுழையும் துளை நேராகும் வரை சற்றுக் கூடுதலாக இறுக்க வேண்டும். துளைக்காக ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தக்கூடாது. பழைய பின்னை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. இவற்றுள் ஒன்றையேனும் வாசிக்கத் தெரியாதவன் செய்துவிட முடியுமா?

அதற்கும் மேலாக, நேர்மை வேண்டும். புதிய மூட்டு கைவிசைக்கே எளிதாக உள்ளே போய்விட்டால் மகிழக்கூடாது. துளை விரிந்துவிட்டது என்று பொருள். அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். செலவு கூடும். யாரும் பார்க்கவில்லையே என்று சக்கரத்தை மாட்டிவிடலாம்தான். மாட்டாமல் நிற்பவனே தொழிலாளி. இதை எந்தத் தேர்வுத் தாளாலும் சோதிக்க இயலாது.

கருவி உள்ள பெற்றோர் இதனை வீட்டு வாசலில் செய்யலாம் என்பது என் கருத்து. ஆனால் சில வரம்புகள் உண்டு. தரை சமமான சிமெண்டாக இருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைக்க வேண்டும். ஜேக் தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு உறுதியான இரும்புத் தாங்கிகள் வேண்டும். பிரேக் கேலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்ட வேண்டும். பிள்ளைகள் வண்டிக்கு அடியில் வரக்கூடாது. தள்ளி நின்று கையேட்டை வாசித்துச் சொல்லட்டும், நட்டுகளை வரிசையாக அடுக்கட்டும். வேலை முடிந்ததும் சக்கர நேர்மையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அழுத்தி இல்லையென்றால் பாகத்தைக் கழற்றி, அழுத்தும் எந்திரமுள்ள பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். எதிலும் ஐயம் இருந்தால் வேலை முழுவதையும் அங்கேயே ஒப்படையுங்கள். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்தத் தொழிலாளரை 'அண்ணன்' என்று மரியாதையோடு அழைத்து ஐயங்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

"இனி மின்சார மகிழுந்துகளின் காலம், இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். மின்சார மகிழுந்துக்கும் சக்கரம் உண்டு. அதற்கும் பந்து மூட்டு உண்டு. மின்கலத்தின் எடை கூடுதலாக இருப்பதால் அதன் மூட்டுகள் தாங்க வேண்டிய சுமையும் பெரிது.

எல்லாப் பிள்ளைகளும் இத்துறைக்குச் செல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவராகட்டும், வழக்கறிஞராகட்டும். ஆனால், கைத்திறனில் நாட்டமுள்ள மாணவன் ஒருவன் நம் வகுப்பில் இருப்பான். படிவம் மூன்றுக்குப் பின் அவனுக்குத் தொழிற்கல்லூரி என்னும் வழி இருக்கிறது. 2012இல் தொழிற்கல்விப் பள்ளிகள் கல்லூரிகளாக மாற்றப்படத் தொடங்கியது அதற்காகத்தான். மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று டிப்ளோமா நிலை வரை அவன் உயரலாம். ஏழு வயது முதல் பட்டறையைத் தண்டனை என்றே கேட்டு வளர்ந்தவன், அந்த விண்ணப்பப் பாரத்தைத் தலைநிமிர்ந்து நிரப்புவானா? தோற்றவனைப் போலத்தானே நிரப்புவான்!

அவன் தோற்கவில்லை. நாம் பயன்படுத்திய சொல்தான் அவனை அப்படி எண்ண வைத்தது. அடுத்த முறை அந்த வசனம் நாவின் நுனிக்கு வரும்போது, நம் குடும்பம் ஏறிச் செல்லும் மகிழுந்தின் சக்கரத்தை யாருடைய கை பொருத்தியது என்று எண்ணிப் பார்ப்போம்.

சிந்திப்போம்.