ஆயிரம் ஆட்டம் ஆடியும் ஏறாத புள்ளி

எங்கள் வகுப்பில் சதுரங்கம் ஆடுபவர்கள் யார் என்று கேட்டால் மூன்றோ நான்கோ கைகள்தான் உயரும். கைத்தொலைபேசியில் செஸ் ஆடுபவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள், பாதி வகுப்பு கை தூக்கும். கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது வந்த பழக்கம் இது. ஸூம் வகுப்புக்கென்று வீட்டில் கிடைத்த போனில் லிசெஸும் செஸ்.கொம்மும் சேர்ந்தே வந்தன. பாடசாலை திறந்தது, ஸூம் போனது, செஸ் மட்டும் போகவில்லை.

அதில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை. என் கேள்வி வேறு. இத்தனை வருடமாக ஆடுகிறவர்கள் ஏன் அதே இடத்தில் நிற்கிறார்கள்?

என் தோழி ஒருத்தி இருக்கிறாள். பெயரைச் சொன்னால் இந்தச் சஞ்சிகையைக் கிழித்துவிடுவாள். நாலாயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடிவிட்டாள். அவளுடைய ரேட்டிங் இரண்டு வருடமாக 800க்கும் 900க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடுகிறது. உயர்தரப் பரீட்சை நெருங்குவதால் அந்தச் செயலியையே அழித்துவிடும்படி அவளுடைய வாப்பா சொல்லிவிட்டார். "நாலாயிரம் ஆட்டம் ஆடி நீ என்ன கண்டாய்?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஆனால் செஸ்ஸை நிறுத்துவது அதற்கு விடையாகாது. ஆடும் விதத்தை மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி. இதைத் தோழியருக்காக எழுதுவதைவிட வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும்தான் அதிகமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புள்ளியைப் பற்றி. ரேட்டிங் என்பது பரீட்சைப் புள்ளி மாதிரி ஒன்று என்றே பலரும் நினைக்கிறோம். அது அப்படியல்ல. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ என்பவர் உருவாக்கிய கணக்கு அது. சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே 1970இல் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு பேர் மோதினால் யார் எவ்வளவு வெல்லக்கூடும் என்பதை மட்டுமே அது சொல்லும். எதிரியைவிட 200 கூட இருப்பவருக்கு நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் கிடைக்கலாம். 400 கூட இருந்தால் 91. இணையத் தளங்கள் இதிலிருந்து வளர்ந்த கிளிக்கோ என்ற முறையைப் பாவிக்கின்றன. லிசெஸ் புதிதாக வரும் எல்லோருக்கும் 1500 என்று கையில் கொடுத்துத்தான் ஆட விடுகிறது. ஆகவே "நான் லிசெஸில் 1400, நீ செஸ்.கொம்மில் 1000 தானே" என்று இடைவேளையில் நடக்கும் சண்டைகளுக்கு அர்த்தமே இல்லை. இரண்டும் வேறு வேறு தராசுகள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாம் ஆட உட்கார்ந்தால் கணினி நமக்குச் சமமான ஒருவரையே தேடித் தருகிறது. நாம் கொஞ்சம் ஏறினால் அடுத்து வருபவரும் கொஞ்சம் பலமானவர். அதனால் 800இல் இருப்பவளும் பாதி ஆட்டங்களில் தோற்பாள், 2000இல் இருப்பவளும் பாதி ஆட்டங்களில் தோற்பாள். எவ்வளவு முன்னேறினாலும் "பாதிதானே வெல்கிறேன்" என்ற உணர்வு மாறாது. இதை ஒருவரும் சொல்லித் தராததால் எத்தனையோ பேர் மனம் விட்டுப் போகிறார்கள்.

நிகழ்தகவு படித்தவர்களுக்கு இன்னொரு கணக்கு. சமமான எதிரிகளிடம் தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்பதற்கான நிகழ்தகவு, சமநிலை ஆட்டங்களை விட்டுவிட்டால், 64இல் 1. கேட்க அரிதாக இருக்கிறது. ஆனால் நாலாயிரம் ஆட்டம் ஆடுகிறவளுக்கு அது எத்தனை முறை வரும் என்று பாருங்கள். ஒரு தோல்விக்கு எட்டுப் புள்ளி அளவில் குறைந்தால் ஆறு தோல்வியில் ஏறத்தாழ ஐம்பது போய்விடும். அந்த ஐம்பதை அன்றைக்கே மீட்க வேண்டும் என்று இரவு ஒரு மணி வரை ஆடுவதுதான் வாப்பாமார் கண்ணில் படுகிறது. அவர்கள் கோபப்படுவதில் பிழையில்லை. ஐம்பது புள்ளி மேலே போவதும் கீழே வருவதும் அலை மாதிரி. மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

சரி, ஏன் ஏறவில்லை? என் தோழியின் நாலாயிரத்தில் பெரும்பகுதி மூன்று நிமிட ஆட்டங்கள். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம், நாற்பது நகர்வு என்று வைத்தால் ஒரு நகர்வுக்கு நாலரை விநாடி. அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை, ஏற்கெனவே கைக்குப் பழகியதைத்தான் செய்கிறோம். பழகியது பிழையாக இருந்தால் அந்தப் பிழையைத்தான் நாலாயிரம் தடவை பயிற்சி செய்திருக்கிறோம்.

செஸ் திறமை எங்கே இருக்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஒல்லாந்து உளவியலாளர் டி குரூட் தொடங்கிவைத்த வழியில், அமெரிக்காவில் சேஸ், சைமன் இருவரும் 1973இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டமொன்றின் நடுவில் காய்கள் நிற்கும் நிலையைச் சில விநாடிகள் காட்டி, மறைத்துவிட்டு, திரும்ப அடுக்கச் சொன்னார்கள். வல்லுநர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார், புதியவரால் நாலைந்துக்கு மேல் முடியவில்லை. பின்னர் காய்களைத் தாறுமாறாகப் பலகையில் கொட்டியது போல் வைத்துக் காட்டினார்கள். அப்போது வல்லுநருக்கும் புதியவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. வல்லுநருக்கு இருந்தது அபூர்வ ஞாபகசக்தி அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் சொல்லாகவே படிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. அவர் பலகையைச் சொல் சொல்லாகப் படிக்கிறார்.

இதிலிருந்து பெற்றோருக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும், எங்கள் கட்சிக்கே அது பாதகமாக இருந்தாலும். "செஸ் ஆடினால் கணிதம் ஓடி வரும்" என்று சொல்லித்தான் பல பிள்ளைகள் அனுமதி வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் நூறு ஆரம்பப் பாடசாலைகளை எடுத்துச் சோதித்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு வருடம் செஸ் படித்த மாணவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் கணிதப் பெறுபேற்றில் வித்தியாசம் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. செஸ் ஆடினால் செஸ் வரும், அவ்வளவுதான். அழகான ஒன்றை அது அழகாக இருக்கிறது என்பதற்காகவே படிக்கக் கூடாதா? கவிதை எழுதினால் இரசாயனவியலில் புள்ளி கூடுமா என்று இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் யாரும் கேட்பதில்லையே.

இனி, எப்படி முன்னேறுவது? உயர்தர மாணவிகளுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. கடந்தகால வினாத்தாள்களை நாம் எப்படிச் செய்கிறோம்? நேரம் வைத்துச் செய்து, செய்ததைத் தானே ஒருமுறை பார்த்து, அதன்பிறகுதான் புள்ளித்திட்டத்தை எடுக்கிறோம். திருத்தாமல் நூறு வினாத்தாள் செய்பவளைவிட, திருத்திப் பத்து வினாத்தாள் செய்பவள் மேல் என்பது எந்த ஆசிரியையைக் கேட்டாலும் சொல்வார். செஸ்ஸில் மட்டும் நாம் தோற்ற ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்காமலே "புதிய ஆட்டம்" என்ற பொத்தானை அழுத்துகிறோம்.

ஆட்டம் முடிந்ததும் கணினி இயந்திரத்திடம் கேட்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். அது புள்ளித்திட்டத்தை முதலில் பார்ப்பது போன்றது. ஸ்டொக்ஃபிஷ் பிழையான இடத்தைச் சிவப்பில் காட்டும், சரியான நகர்வையும் காட்டும். நீ ஏன் அப்படி நகர்த்தினாய் என்பது அதற்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். குதிரையைப் பார்க்கவில்லையா, பார்த்தும் பரவாயில்லை என்று நினைத்தாயா, நேரம் போகிறதே என்று பயந்தாயா? அதை ஒரு கொப்பியில் எழுதி வைத்த பிறகு இயந்திரத்தைத் திறந்தால்தான் பிரயோசனம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் தனது 18ஆவது வயதில் உலகச் சம்பியனான சென்னையின் குகேஷ், சிறுவயதில் பயிற்சியாளரின் சொற்படி நீண்டகாலம் இயந்திரத்தைத் தொடாமலே பயின்றவர். கிராண்ட்மாஸ்டர் மட்டத்தை அடையும் வரை தன் தலையைத்தான் நம்பினார்.

என் தோழியின் கடைசி இருபது தோல்விகளை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். பதின்மூன்றில் காரணம் ஒன்றுதான். எதிரி இலவசமாக எடுக்கும்படி ஒரு காயைக் காவலில்லாமல் விட்டிருந்தாள். மூன்றில், மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்ட ராஜாவைக் கடைசி வரிசையில் கோட்டை வந்து முடித்திருந்தது. இந்தப் பதினாறுக்கும் சிசிலியன் தற்காப்புப் பற்றிய நாற்பது நிமிட வீடியோக்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்ததோ அந்த வீடியோக்களை! தொடக்க நகர்வுகளை மனனம் செய்வது 1000க்குக் கீழுள்ளவர்களுக்கு அநேகமாக நேர விரயம். நகர்த்துமுன் "இப்போது அவர் எதை எடுக்கலாம்?" என்று ஒருமுறை கேட்பதுதான் அவர்களுக்கு வேண்டிய தற்காப்பு. அதைக் கேட்பதற்கு நேரம் வேண்டும், அதற்குத்தான் பதினைந்து நிமிட ஆட்டம்.

புதிர்கள் செய்வது நல்லது. இது நமக்கு அந்நியமான முறையல்ல. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்-அத்லி என்பவர் ஷத்ரஞ் ஆட்டத்தைப் பற்றி அரபியில் நூல் எழுதினார். அக்கால வல்லுநர்கள் சேர்த்து வைத்த ஆட்டப் புதிர்களுக்கு மன்ஸூபா என்று பெயர். அவருக்குப் பின் வந்த பக்தாதின் அஸ்-ஸூலி அமைத்த புதிரொன்று ஏறத்தாழ ஆயிரம் வருடம் தீராமல் கிடந்து, நம் காலத்தில்தான் சோவியத் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக்கின் கையில் தீர்ந்தது. நாமோ பத்து விநாடி பார்த்துவிட்டு ஏதோ ஒரு காயை இழுத்துவிட்டு, சிவப்பு வந்தால் அடுத்ததற்குப் போகிறோம். விரலால் ஊகித்துச் செய்யும் ஐம்பது புதிரைவிட, எதிரியின் பதிலையும் சேர்த்து மனதுக்குள் முடித்த பிறகு தொடும் ஐந்து புதிர் மேல்.

இறுதியாட்டத்தில் ஒன்றிரண்டை மட்டும் தெரிந்துகொண்டாலே பல அரைப்புள்ளிகள் முழுப்புள்ளியாகும். உதாரணமாக, ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சி, எதிரில் தனி ராஜா நிற்கும்போது சிப்பாயைத்தான் முதலில் ஓட்டுகிறோம். ராஜாதான் முன்னே நடக்க வேண்டும். தன் சிப்பாய்க்கு நேர் முன்னால் ராஜா ஆறாம் வரிசையில் ஏறிவிட்டால், அது ஓரச் சிப்பாயாக இல்லாத வரை, யாருடைய முறை என்றாலும் வெற்றிதான்.

இவ்வளவையும் பையன்கள் கழகத்தில் ஒரு மூத்தவரிடம் கேட்டு அறிந்துகொள்வார்கள். மஃரிபுக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை சதுரங்கக் கழகத்துக்குப் போய் ஆடிவிட்டு வருவது எங்கள் ஊர்களில் நடக்கிற காரியமில்லை. எங்களுக்குக் கழகமும் மூத்தவரும் எல்லாம் அந்தப் போன்தான். அதைப் பறித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஜூடிட் போல்கார் 1991இல் தனது 15ஆவது வயதில் கிராண்ட்மாஸ்டராகி, அதுவரை பொபி ஃபிஷரிடம் இருந்த சாதனையை முறியடித்தார். அவரும் அவருடைய இரண்டு சகோதரிகளும் பயின்றது வீட்டில்தான், பெற்றோரின் பக்கத்தில்தான். வீட்டில் இருந்துகொண்டு முன்னேற முடியாது என்பதில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும்.

முகம் தெரியாதவர்கள் செய்தி அனுப்புவார்களே என்ற பயம் உண்மையானது. இரண்டு தளங்களிலும் அரட்டையை நிறுத்திவைக்கலாம். லிசெஸில் சிறுவர்களுக்கான முறை என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் யாரும் எதுவும் அனுப்ப முடியாது. அந்தத் தளத்தில் விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. சொந்தப் பெயரும் படமும் போடத் தேவையில்லை. டேட்டாவும் வீடியோ பார்ப்பது போல் கரையாது. இதைப் பிள்ளையோடு சேர்ந்து ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். செயலியை அழிக்கவும் ஐந்து நிமிடம்தான் என்பது வேறு விடயம்.

கல்லூரியிடமும் ஒரு கோரிக்கை உண்டு. வாரத்தில் ஒரு நாள், பாடசாலை விட்ட பின் ஒரு மணித்தியாலம், நூலகத்தின் பின்மேசை. நான்கு பலகைகளும் இரண்டு கடிகாரங்களும் போதும். எதிரில் உட்கார்ந்திருப்பவளின் முகத்தைப் பார்த்து ஆடும்போது "புதிய ஆட்டம்" பொத்தான் கிடையாது. தோற்ற பிறகு இருவரும் சேர்ந்து காய்களைத் திரும்ப அடுக்கி, எங்கே போனது என்று கதைக்க முடியும்.

என் தோழியின் வீட்டில் கடைசியில் ஓர் உடன்பாடு வந்திருக்கிறது. பரீட்சை முடியும் வரை வாரத்துக்கு மூன்று ஆட்டம், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம், இஷாவுக்குப் பிறகு போன் உம்மாவிடம். மூன்று ஆட்டங்களையும் கொப்பியில் எழுதி வாப்பாவுக்குக் காட்ட வேண்டும். வாப்பாவுக்குக் குதிரை எப்படி நடக்கும் என்றுகூடத் தெரியாது. சென்ற வாரம் அதைக் கேட்டிருக்கிறார்.