தலைக்கு இரண்டு டாலர்

சங்கம் என்றால் வருஷத்தில் நாலு விருந்து, ஓர் ஆண்டு விழா, புதிய தலைவருக்கு மாலை, பழைய தலைவருக்குச் சால்வை என்று எண்ணுவோர் பலர். இவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. நாலு பேர் கூடிச் சிரித்து உண்பதும் நல்ல காரியந்தான். ஆனால் தர்ம காரியத்துக்கு நிதி திரட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் என்ன நடக்கிறது? எல்லோருடைய பார்வையும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இரண்டு தனவந்தர்கள் பக்கம் திரும்புகிறது. அவர்கள் செக் எழுதினால் கைதட்டல். எழுதாவிட்டால் யோசனை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திப்போடப்படுகிறது. மற்ற அங்கத்தினர்கள் வெறும் பார்வையாளர்களாகி விடுகிறார்கள்.

இந்த வழக்கத்தை மாற்றிய ஒரு சகோதர சங்கத்தின் கதை நம்மவர்களும் அறிய வேண்டியது. அமெரிக்காவில் ‘ஷ்ரைனர்கள்’ என்று ஒரு கூட்டத்தார் உண்டு. பிரீமேஸன் சங்கத்தைச் சேர்ந்த சிலர், சடங்கு சம்பிரதாயங்களுக்கு நடுவே கொஞ்சம் குதூகலமும் வேண்டும் என்று 1872-ல் நியூயார்க் நகரில் தொடங்கியது அது. சிவப்புத் துருக்கித் தொப்பி, பாண்டு வாத்தியம், வீதி ஊர்வலம் இவைதாம் அவர்களுக்கு அடையாளம். ஐம்பது வருஷ காலம் பெரும்பாலும் கேளிக்கையிலேயே கழிந்தது.

1920-ல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் அவர்களுடைய வருடாந்தர மகாநாடு கூடியது. தலைவர் பிரீலண்ட் கென்ட்ரிக் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இளம்பிள்ளை வாதத்தாலும் பிற காரணங்களாலும் கைகால் முடங்கிய ஏழைக் குழந்தைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி. அதற்காக ஒவ்வோர் அங்கத்தினரும் வருஷத்துக்கு 2 டாலர் கட்டாயச் சந்தா. உடனே ஆட்சேபணைகள் கிளம்பின. தீர்மானம் தோற்றுவிடுமோ என்ற நிலையில் அட்லாண்டா நகரத்துப் பாரஸ்ட் அடேர் எழுந்தார். முந்தின இரவு தம் ஹோட்டல் ஜன்னலுக்குக் கீழே ஒரு வாத்தியக்காரர், நீர்க்குமிழி ஊதுவதைப் பற்றிய ஒரு பாட்டை விடாமல் வாசித்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். நாமும் இத்தனை காலம் குமிழிதானே ஊதிக்கொண்டிருந்தோம், போதும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இரண்டே வருஷத்தில், 1922-ல், லூயிசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட்டில் முதல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பிறகு ஊர் ஊராகப் பல எழுந்தன. 1966-ல் டெக்ஸாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டனில் தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தோன்றியது. பணமில்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது அவர்கள் கொள்கை.

அந்த 2 டாலரில் அப்படி என்ன விசேஷம்? லட்சம் பேர் கொடுத்தால் வருஷத்துக்கு 2 லட்சம் டாலர் நிச்சயம். நிச்சயமான வருமானம் இருந்தால்தான் ஆஸ்பத்திரி நடத்த முடியும். டாக்டருக்கும் நர்ஸுக்கும் மாதந்தோறும் சம்பளம் தர வேண்டும். ஒரு தனவந்தரின் மனம் இளகும் நாள் வரை அது காத்திருக்காது. இன்னொன்று, செல்வரும் எளியவரும் ஒரே தொகை செலுத்தியபோது, ஆஸ்பத்திரி எல்லோருக்கும் சொந்தமாயிற்று. கொடுத்தவனுக்கு அதன்மேல் அக்கறை பிறக்கிறது. அக்கறை பிறந்தவன் அண்டை வீட்டாரிடமும் போய்க் கேட்கக் கூச்சப்பட மாட்டான்.

கதையின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. 1986-ல் ஆர்லாண்டோ நகரப் பத்திரிகை ஒன்று, ஷ்ரைனர்கள் நடத்திய சர்க்கஸ் வசூலில் சிறு பங்கே ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எழுதியது. நல்ல பெயர் சம்பாதிக்க அரை நூற்றாண்டு ஆகிறது. அதில் கறை படிய ஒரு நாள் போதும். ஆகவே ரசீதும் கணக்கும் தர்மத்தின் பாதி. எவ்வளவு வந்தது, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிற சங்கத்துக்கு மறு வருஷமும் கை நீட்டும் தைரியம் இருக்கும்.

அந்த ஆஸ்பத்திரிகள் முதலில் எதிர்த்துப் போராடிய இளம்பிள்ளை வாதத்தையே பூண்டோடு ஒழிக்க வேறொரு சங்கம் கிளம்பியது. 1985-ல் ரோட்டரி சங்கத்தார் அதற்கென நிதி திரட்டத் தொடங்கினார்கள். குறிக்கோள் 12 கோடி டாலர்; 1988-ல் பிலடெல்பியா மகாநாட்டில் கணக்குப் பார்த்தபோது சேர்ந்திருந்தது 24 கோடி 70 லட்சம்! நம் நாட்டிலும் சொட்டு மருந்து முகாம்களில் அரசாங்க ஊழியர்களோடு சங்க அங்கத்தினர்களும் நின்றார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்து ஹௌராவில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவுக்கு நற்சான்று வழங்கியது.

தேர் நகர்வது வடத்தின் நுனியைப் பிடித்த பிரமுகரால் மட்டுமல்ல. நடுவில் நின்று பெயர் தெரியாமல் இழுக்கும் நூறு பேராலும்தான். நம் ஊர்ச் சங்கங்களின் அங்கத்தினர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த முறை நிதிப் புத்தகம் சுற்றி வரும்போது முன்வரிசையை நோக்க வேண்டாம். தங்கள் சட்டைப் பையையே நோக்கட்டும். விருந்தில் ஓர் இனிப்பைக் குறைத்துக்கொண்டாலும் போதும். தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் கொடுக்கட்டும், வருஷந்தோறும் கொடுக்கட்டும். சங்கம் இருந்ததற்கு அடையாளமாக ஊரில் ஒரு குழந்தை எழுந்து நடக்குமானால், அதைவிடப் பெரிய ஆண்டு விழா வேறு உண்டா?