பழைய ஊர்தியும் பழஞ்சுவடியும்

கிராண்ட்பாஸ் கராஜ் ஒன்றில் எனது பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் செப்பம் பெறுகின்றது. திருவொற்றியூரில் ஆக்கப்பெற்ற ஊர்தி. கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் அமைந்தது. அவற்றை இக்கால முறைப்படி இடம் மாற்றிப் புதிதாக்கித் தருவதாகக் கராஜ்காரர் கூறினார். நான் உடன்படவில்லை.

சென்னையில் 1955இல் தொடங்கியது அத்தொழில். இங்கிலாந்தில் ரெடிச் ஆலை மூடப்பட்ட பின்னரும் அவ்வூர்தி திருவொற்றியூரில் வாழ்ந்தது. மூல ஏடு அழிந்தும் நூல் படியில் பிழைத்தாற்போல என்க. அப்படியைத் திருத்த நாம் யார்?

பழகாதார்க்கு இடர் விளையுமே என்பர் சிலர். உண்மையே, பழகிய பின்னரே ஏறுதல் வேண்டும். பழந்தமிழ் நடையும் பழகாதார்க்கு இடர்தானே! தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றுவோம், உயிர் பெரிது. அமைப்பை மாற்றுவது பாடத்தைத் திரிப்பதாகும்.

ஆயினும், துடைத்துப் பூட்டி வைப்பதும் போற்றுதலாகாது. 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகளைப் பேழையில் இட்டு வணங்கினாரல்லர். பலரும் பயில அச்சேற்றினார்.

ஓதாத நூலும் ஓடாத ஊர்தியும் ஒன்றே. என் புல்லட் வெள்ளவத்தை வரையேனும் ஓடும், இடக்காலால் நிற்கும்.