குளியலறையிலிருந்து வரையத் தொடங்குவோம்!

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இரண்டிலும் கையிருப்பு கரையும். இரண்டிலும் ஊர் மெச்ச வேண்டும் என்ற ஆசை வந்து ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்தில் அந்த ஆசை பந்தல் பிரிப்பதோடு தீர்ந்துவிடும். வீட்டில் அப்படி இல்லையே! முப்பது நாற்பது வருஷம் அதற்குள்தான் குடியிருந்தாக வேண்டும்.

நம் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளைப் பாருங்கள். முகப்பில் ஒட்டுக்கல், கண்ணாடிக் கைப்பிடி, ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் நீலமும் மஞ்சளுமாய் விளக்கு, டி.வி.க்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மூங்கில்... "அடேயப்பா!" என்று சொல்லத் தோன்றும். அப்படியே மாடிப்படிக்குக் கீழே குனிந்து ஒரு கதவைத் திறந்து பாருங்கள். நாலுக்கு மூணரை அடியில் ஒரு பொந்து. ஜன்னல் கிடையாது. நேற்றுக் குளித்த ஈரம் இன்றும் காயவில்லை. பகலிலும் லைட் போட்டால்தான் குழாய் எங்கே என்று தெரியும். இதற்குப் பெயர் நவீன வீடு!

வீட்டின் நவீனத்தை முகப்பை வைத்து அளக்கக் கூடாது, குளியலறையை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. பிளான் போடும்போது பென்சில் முதலில் தொட வேண்டிய இடமும் அதுதான். இன்று பென்சிலுக்குப் பதில் மவுஸ் பிடிக்கிறோம், அவ்வளவுதான்.

இதை நாம் ஏன் பேச வேண்டும்? இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனையில் கடன் வாங்கிக் கட்டுகிறவர் பெரிய ஆர்க்கிடெக்டைத் தேடிப் போவதில்லை. டிப்ளமோ முடித்து, பஜாரில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் நம்மிடம்தான் வருவார். நாம் இழுக்கும் கோடுதான் அவர் வீடு. நாம் விட்டுவிட்ட ஜன்னல் பிறகு எந்தக் காலத்திலும் வராது.

"யாரு பாக்கப் போறாங்க?"

போன விடுமுறையில் ஒரு வீட்டு வேலைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். மூன்று சென்ட் மனை. முன்பக்கம் கார் நிறுத்த போர்டிகோ, பத்துக்குப் பதினைந்து. படிக்கட்டுக்கு அடியில் பாத்ரூம். மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அண்ணே, பாத்ரூமுக்கு ஜன்னலே காணோமே?"

"படிக்கடியில வருது தம்பி, எங்க ஜன்னல் வெக்க? அதை யாரு வந்து பாக்கப் போறாங்க?"

வீட்டுக்காரரின் அம்மா, முழங்கால் வலிக்காரர், சுவரைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, ராத்திரியில புடிச்சுக்கிட்டு எந்திரிக்க ஒரு கம்பி மட்டும் வெச்சுத் தர முடியுமா?" என்றார். பிளானில் அதற்குக் கோடு இல்லை. எஸ்டிமேட்டில் அதற்கு வரி இல்லை. யாரும் குறித்துக்கொள்ளவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார் இன்னும் வாங்கவில்லை. காருக்கு 150 சதுர அடி. அம்மா இருக்கிறார், அவருக்கு 14 சதுர அடி!

யார் பார்க்கப் போகிறார்கள்? விருந்தாளி பார்க்கமாட்டார், சரி. முழங்கால் வலிக்கிற பாட்டி பார்ப்பார், தினம் ராத்திரி இரண்டு தடவை. பிரசவத்துக்கு வந்திருக்கும் அக்கா பார்ப்பார். காலேஜுக்கு பஸ் பிடிக்க அவசரமாய்க் குளிக்கும் தங்கை பார்ப்பாள். (நம் விடுதிக் குளியலறைகளைப் பற்றி எழுதலாம் என்றால் இந்த மலர் அச்சேறாது என்பதால் விட்டுவிடுகிறேன்!)

அளவும் வாட்டமும்

குளியலும் கழிப்பிடமும் சேர்ந்த அறை குறைந்தது 2.8 சதுர மீட்டர், அகலம் குறைந்தது 1.2 மீட்டர் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. நம் கணக்கில் சுமார் 30 சதுர அடி. ஐந்துக்கு ஆறு போட்டால் சரியாகிவிடும். இது சொகுசுக்கான அளவு இல்லை, குறைந்தபட்சம். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்குகிறோம். வெளியே போய்ப் படிக்கட்டுக்கு அடியில் 14 சதுர அடி வரைகிறோம். என்ன நியாயம் இது?

கதவுக்கு வருவோம். பாத்ரூம் என்றாலே இரண்டரை அடிக் கதவு என்று கை தானாகப் போட்டுவிடுகிறது. சக்கர நாற்காலி தாராளமாய் நுழைய 90 சென்டிமீட்டர் வழி வேண்டும். அரை அடி கூட்டினால் எத்தனை செலவாகிவிடும்? இன்று யாருக்கும் சக்கர நாற்காலி வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு முப்பது வயதாகும்போது கட்டியவருக்கு எழுபது ஆகியிருக்கும்! கதவு வெளிப்பக்கம் திறப்பது நல்லது. உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவை அடைத்தபடி கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது.

தரைக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானது போதும். கம்பி வைக்கும் இடத்தைச் சுவர் எழுப்பும்போதே குறித்து, அங்கே கெட்டியான கட்டு கொடுக்க வேண்டும். பிறகு மெல்லிய சுவரில் டிரில் போட்டு மாட்டிய கம்பி, பாட்டியோடு சேர்ந்து கீழே வரும். தரை வாட்டம் நாலு அடிக்கு முக்கால் அங்குலம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். ரசமட்டம் வைத்து நாமே பார்க்க வேண்டும். "பாத்துக்கலாம் தம்பி" என்று சொன்னால் விடக்கூடாது. டைல்ஸ் ஒட்டிய பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

நாற்றத்துக்கு ஊதுபத்தியும் ஸ்பிரேயும் தீர்வாகாது. தரைக் குழாய்க்கு அடியில் இருக்கும் டிராப்பில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் கரப்பான்பூச்சிக்கும் பூட்டு. விருந்தாளிக்கென்று கட்டி, ஆறு மாதம் பூட்டி வைத்த பாத்ரூம் நாறுவது ஏன்? டிராப்பில் தண்ணீர் வற்றிவிட்டது. வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போச்சு!

எந்தப் பக்கம் வைப்பது?

நம் ஊரில் மேற்குச் சுவர்தான் சாயங்கால வெயிலைக் குடிக்கிறது. அங்கே படுக்கையறையை வைத்தால் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் அனல் விடும். குளியலறை, படிக்கட்டு, சாமான் அறை மூன்றையும் மேற்கே தள்ளினால், வெயிலை அவை தாங்கிக்கொள்ளும். ஹாலும் படுக்கையறையும் தப்பிக்கும். குளியலறைக்கும் லாபம்தான், ஈரம் காய்ந்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசுகிற பக்கம் நம்முடையது. மேற்கே கழிப்பிடம் வைத்தால் காற்று அதன் மேல் பட்டு ஹாலுக்குள் வராதா? வரும். அதனால் அதை வடமேற்கு மூலைக்கு ஒதுக்கி, வென்டிலேட்டரை வடக்குச் சுவரில் உயரத்தில் வைத்து, கதவு நேராக ஹாலைப் பார்க்காமல் ஒரு சின்ன நடைக்குள் திறக்கும்படி வரையலாம். வாஸ்து பார்க்கிறவர்களும் பெரும்பாலும் அதே வடமேற்கைத்தான் சொல்கிறார்கள். சண்டை மிச்சம்!

ஹால் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு ஜன்னல் இருந்தால் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் நிம்மதியாக உட்காரலாம். ஒரே பக்கம் ஜன்னல் வைத்து, அதையும் ஷோகேஸால் மறைத்தால் இருபது அடி ஹாலிலும் புழுக்கம்தான். நம் தாத்தாக்கள் முற்றமும் திண்ணையும் வைத்தது அழகுக்காக மட்டுமா? சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போகும். திண்ணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மூன்று சென்ட்டில் முற்றம் வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். போர்டிகோவில் பாதியைத் திண்ணையாக்க முடியுமே! கார் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சமும் காற்றும் வேண்டும், வெளியிலிருந்து பார்வை படக்கூடாது என்பதுதான் குளியலறையின் பிரச்சினை. இதற்கு விலை உயர்ந்த கண்ணாடி தேவையில்லை என்று காட்டியவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் குடியேறி, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றவர். செங்கற்களுக்கு இடையே ஓட்டை விட்டு அவர் கட்டிய ஜாலிச் சுவர்களில் காற்று வரும், வெளிச்சம் வரும், எட்டிப்பார்க்கிற கண் மட்டும் வராது. செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் அவருடைய எலிப்பொறிக் கட்டில் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். சூடும் உள்ளே சட்டென்று ஏறாது. அவர் பயன்படுத்தியதெல்லாம் நம் ஊர்ச் செங்கல், நம் ஊர்க் கொத்தனார்தான்.

கண்ணுக்குத் தெரியாத அறை

குளியலறையைப் பற்றிப் பேசிவிட்டு செப்டிக் டேங்கைப் பற்றிப் பேசாவிட்டால் அது பாதிப் பேச்சு. இங்கே ஒரு மனித உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

போர்டிகோவுக்கு அடியில் டேங்கைக் கட்டி, மூடியின் மேலும் டைல்ஸ் ஒட்டி, "எங்கே இருக்குன்னே தெரியாது பாருங்க!" என்று பெருமைப்படுகிறார்கள். சில வருஷத்தில் அது நிறையும். லாரிக் குழாய் நுழைய வழி இருக்காது. அப்போது வாளியோடு ஓர் ஆளைத் தேடுவார்கள். உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கி நிற்கும். இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். இப்படி எத்தனை செய்திகளைப் பேப்பரில் படித்துவிட்டோம்! பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. 2023-ல் உச்ச நீதிமன்றம், சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று சொன்னது. சட்டமும் தீர்ப்பும் இருக்கட்டும். மூடியைக் குழாய் எட்டும் இடத்தில், திறக்க முடிகிற மாதிரி வரைவது நம் கையில் இருக்கிறது. அந்த ஒரு சதுரக் கோடு ஓர் உயிர்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது 59 அடி இருக்க வேண்டும் என்று படிக்கிறோம். மூன்று சென்ட் மனை முப்பதுக்கு நாற்பத்து மூணரை. மூலைக்கு மூலை அளந்தாலும் 53 அடிதான்! விதியை மனைக்குள் அடக்கவே முடியாது. அப்படியானால் என்ன செய்வது? தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் முதல் வேலையாக இணைப்பு வாங்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் போரும் குழியும் எதிரெதிர் மூலையில். பக்கத்து வீட்டு போர் எங்கே என்றும் எட்டிப்பார்க்க வேண்டும். அந்த போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தயங்கினால் நாம் படித்த படிப்புக்கு என்ன அர்த்தம்?

பச்சை எங்கிருந்து வரும்?

இன்று பச்சை என்றால் ஹாலில் நாலு தொட்டி, பால்கனியில் செயற்கைப் புல் என்றாகிவிட்டது. தொட்டிச் செடிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதற்கு ஊற்ற லாரித் தண்ணீர் வாங்குகிறோமே, அதுதான் வேதனை. குளித்த தண்ணீர் முழுக்க சாக்கடைக்குப் போகிறது!

பழைய வீடுகளில் கிணற்றடித் தண்ணீர் வாய்க்கால் பிடித்து வாழைக்கும் தென்னைக்கும் போகும். அதையே நாமும் வரையலாம். குளியல் தண்ணீருக்குத் தனிக் குழாய், கழிப்பிடத்துக்குத் தனிக் குழாய். குளியல் தண்ணீரை ஜல்லியும் மணலும் போட்ட ஒரு சின்னத் தொட்டி வழியாக விட்டு, கல்வாழைக்கும் வாழைக்கும் பாய்ச்சினால் வடமேற்கு மூலை பச்சையாகும். மேற்கு வெயிலுக்கும் அது தடுப்பு. கழிப்பிடத் தண்ணீர் மட்டும் அந்தப் பக்கமே வரக்கூடாது. பெரிய மரங்களைச் சுவருக்கும் டேங்குக்கும் ஒட்டி வைக்கக் கூடாது. வேர் குழாயைத் தேடி வந்துவிடும்.

மழைக்கும் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 800 சதுர அடி மாடியில் வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 67,000 லிட்டர். கால் பங்கு வீணானாலும் 50,000 லிட்டர் மிஞ்சும். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அன்று தோண்டிய குழிகளில் எத்தனை இன்று மண் மூடிக் கிடக்கின்றன! 2019 கோடையில் சென்னை குடத்தோடு தெருவில் நின்றதைப் பார்த்தோம். அந்த நிலை நம் ஊருக்கு வராது என்று யார் சொல்ல முடியும்?

செலவு எங்கே?

"இதெல்லாம் பணக்காரங்க வீட்டுக்குப்பா" என்பார்கள். நான் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். அரை அடி அகலக் கதவு, ஒரு வென்டிலேட்டர், ஒரு கம்பி, சரியான வாட்டம், இரண்டாவது குழாய், திறக்க முடிகிற மூடி. முகப்பில் ஒட்டும் கல்லில் பாதியைக் குறைத்தால் இவ்வளவும் வரும். வீட்டுக்காரருக்கு ஆசை இருப்பது தப்பில்லை. அவர் அம்மா கேட்டதையும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாக எழுதி அவர் முன்னால் வைப்பது நம் வேலை. வேண்டாம் என்று அவர் அடிக்கட்டும். நாமே எழுதாமல் விடக்கூடாது.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குப் பெரிய மால், பெரிய ஆஸ்பத்திரி என்று வரைகிறோம். அத்தோடு, ஒவ்வொருவரும் தன் தெருவில் ஒரு பழைய வீட்டின் குளியலறையை அளந்து, அதைச் சரிசெய்ய ஒரு பிளானும் எஸ்டிமேட்டும் போட்டு அந்த வீட்டாரிடமே கொடுக்கலாமே! மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறு மனைக்காரர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல ஒரு மேஜை போடலாமே! ஆசிரியர்கள் வழிகாட்டத் தயாராக இருப்பார்கள் என்று நம்புகிறேன். கொத்தனார்களையும் அழைத்து உட்கார வைத்தால் நமக்கே பாடம் கிடைக்கும்.

அடுத்த பிளானைத் திறக்கும்போது போர்டிகோவில் தொடங்காதீர்கள், தோழர்களே. வடமேற்கு மூலையில் ஐந்துக்கு ஆறு போடுங்கள். ஜன்னலைக் குறியுங்கள். கம்பியைக் குறியுங்கள். மற்ற வீட்டை அதிலிருந்து வரைவோம்!